வான்மறவர் இந்திரலால் ராய்

நுழையும்முன்

இண்டூரிலிருந்து தருமபுரி நகருக்குச் செல்லும் மாணவர், அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ள நடுகற்களைக் காணலாம். வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவமும், அவன் பெயரும், அவன் எவ்வாறு பட்டான் என்னும் செய்தியும் அக்கற்களில் பொறிக்கப்பட்டிருக்கும். பிறர் பொருட்டு உயிர் ஈந்தவனை ஊர் மறத்தல் ஆகாது என்பதே அம்மரபின் உயிர்க்கருத்து. இருபதாம் நூற்றாண்டில் போர்க்களம் மண்ணைவிட்டு வானுக்கு உயர்ந்தது. வானில் போரிட்டு வீழ்ந்த இந்திய இளைஞர் ஒருவருக்குப் பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் ஒரு கல் நிற்கிறது. அதில் அவருடைய தாய்மொழியான வங்காளத்திலும் எழுத்துகள் உள்ளன. அக்கல்லுக்கு உரியவர் இந்திரலால் ராய். இறக்கும்போது அவருக்கு வயது 19.

குடிப்பிறப்பு

இந்திரலால் ராய் 1898ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இவருடைய முன்னோர், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள பரிசால் பகுதியின் இலக்குதியா என்னும் ஊரில் நிலவுடைமையாளராக விளங்கியவர்கள். தந்தையார் பியாரிலால் ராய், இங்கிலாந்தில் சட்டம் பயின்ற வழக்கறிஞர். தாயார் இலலிதா ராய். தாய்வழிப் பாட்டனாரான சூர்யகுமார் குடீவ் சக்கரவர்த்தி, மேலை மருத்துவக் கல்வியை இங்கிலாந்து சென்று கற்ற முதல் இந்தியர்களுள் ஒருவர். கடல் கடந்து சென்று புதியதொன்றைக் கற்கும் துணிவு இக்குடும்பத்தில் முன்பே வேரூன்றியிருந்தது.

பியாரிலால் ராய்க்கும் இலலிதா ராய்க்கும் ஆண்மக்கள் மூவர், பெண்மக்கள் மூவர். மக்களின் கல்வியைக் கருதி இலலிதா ராய் அவர்களை அழைத்துக்கொண்டு இலண்டன் சென்று வாழ்ந்தார். அந்நகரில் இருந்த இந்திய மாணவர்களின் நலனுக்காகவும் அவர் உழைத்தார். பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. 1911ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள், வாக்குரிமை வேண்டி ஏறத்தாழ 40,000 மகளிர் இலண்டன் வீதிகளில் அணிவகுத்துச் சென்றனர். அப்பேரணியில் நடந்த இந்திய மகளிருள் இலலிதா ராயும் ஒருவர். அப்போது இந்திரலாலுக்கு வயது 12. மறுக்கப்படும் உரிமையைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை அவர் ஏட்டில் படித்தறியும் முன்பே இல்லத்தில் கண்டறிந்தார்.

இலண்டனில் இளமை

இந்திரலால், 1509ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தொன்மைவாய்ந்த புனித பவுல் பள்ளியில் பயின்றார். நீச்சலிலும் ரக்பி ஆட்டத்திலும் சிறந்து விளங்கினார். பள்ளியின் மாணவர் படையிலும் சேர்ந்து பயிற்சி பெற்றார். வீட்டிலும் நட்பு வட்டத்திலும் அவரை 'லாடி' என்னும் செல்லப்பெயரால் அழைத்தனர். அவருடைய தமையனார் பரேஷ்லால் ராய் குத்துச்சண்டையில் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை எனப் போற்றப்பட்டவரும் அவரே.

இந்திரலாலின் உள்ளம் வானத்தையே நாடியது. ரைட் உடன்பிறந்தார் முதன்முதலாக வானூர்தியில் பறந்தது 1903ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள். அப்போது இந்திரலாலுக்கு அகவை 5. அவரும் வானூர்தியும் ஒன்றாகவே வளர்ந்தனர் எனலாம்.

1914ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டன் போரில் இறங்கவே, இந்தியாவும் அதனுள் இழுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டியது. எங்கோ நடந்த போர் தமிழ்நாட்டுக் கரையையும் தொட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அயல்நாட்டுப் போர்க்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் 74,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

மறுக்கப்பட்ட கண்கள்

இந்தியர் படைவீரராகலாம்; ஆனால் ஆங்கிலேய அலுவலர்களுக்கு இணையான அரசாணை பெற்ற போர் அலுவலராதல் அரிது என்பதே அக்கால நிலை. வானூர்திப் படையில் அந்த வாயில் சிறிதளவே திறந்திருந்தது. பள்ளிப் படிப்பின் இறுதியில் இருந்த இந்திரலால், ராயல் ஃபிளையிங் கோர் என்னும் பிரிட்டானிய வானூர்திப் படையில் சேர விண்ணப்பித்தார்.

படை மருத்துவர்கள் அவரைச் சோதித்தனர். பார்வைக் குறைபாடு உடையவர் என்று கூறி விண்ணப்பத்தைத் தள்ளினர். வானோடிக்குக் கண்ணே முதற்கருவி. ஆதலால் அவருடைய கனவு அன்றே முடிந்தது எனப் பிறர் எண்ணியிருக்கக்கூடும். இந்திரலால் அவ்வாறு எண்ணவில்லை. தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்றார். அப்பணத்தைக் கொண்டு பிரிட்டனின் முன்னணிக் கண் மருத்துவர் ஒருவரிடம் மறுமுறை சோதனை செய்துகொண்டார். முதல் முடிவு மாற்றப்பட்டது. 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் படையில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். சூலை 5ஆம் நாள் இரண்டாம் லெப்டினன்ட் என்னும் பதவி பெற்றார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன.

வான்போர் என்னும் புதுக்கலை

அக்கால வானூர்திகள் மரச்சட்டங்களின்மேல் துணி போர்த்துச் செய்யப்பட்டவை. வானோடியின் இருக்கைக்குக் கூரை இல்லை. உறையும் குளிரும் காற்றின் வேகமும் முகத்தில் அறையும். பிரிட்டானியப் போர் வானோடிகளுக்கு வான்குடை வழங்கப்படவும் இல்லை. வானூர்தி தீப்பற்றினால் தப்புவதற்கு வழி கிடையாது.

இருவர் அமரும் வானூர்திகளில் முன்னிருக்கையில் இருப்பவர் ஊர்தியைச் செலுத்துவார். பின்னிருக்கையில் இருப்பவர் சுழலும் தாங்கியில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியால் சுடுவார். தரைப்படைக்குத் துணைசெய்யும் வானூர்திகளிலும், கடற்படையின் வானூர்திகளிலும் இத்தகைய சுடுநர்கள் பலர் பணியாற்றினர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தரைப்படையின் வானூர்திப் பிரிவும் கடற்படையின் வானூர்திப் பிரிவும் ஒன்றாக இணைக்கப்பட்டு, ராயல் ஏர் ஃபோர்ஸ் என்னும் தனி வான்படை உருவானது.

இந்திரலால் செலுத்திய எஸ்.இ.5ஏ என்னும் வானூர்தியில் ஒருவரே அமர இயலும். செலுத்துநரும் சுடுநரும் அவர் ஒருவரே. அதில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, சுழலும் முன்விசிறியின் இதழ்களில் படாமல் அவற்றின் இடைவெளியில் குண்டுகளைச் செலுத்தும் விக்கர்ஸ் துப்பாக்கி. மற்றொன்று, மேலிறகின்மீது பொருத்தப்பட்ட லூயிஸ் துப்பாக்கி. குண்டுகள் தீர்ந்தால், பறந்துகொண்டிருக்கும்போதே அதைக் கீழே இழுத்து, வட்டமான குண்டுப்பேழையைக் கழற்றி, வேறொன்றை மாட்டவேண்டும். ஒரு கை ஊர்தியைச் செலுத்த, மறு கை துப்பாக்கியைக் கையாள, கண்கள் நாற்றிசையையும் துழாவ வேண்டும். பகைவனை முதலில் காண்பவனே பெரும்பாலும் உயிரோடு திரும்புவான். பார்வை போதாது என்று ஒருமுறை விலக்கப்பட்டவர், பார்வையே உயிராகிய இப்பணிக்கு ஆயத்தமானார். பறத்தலிலும் துப்பாக்கி சுடுதலிலும் பயிற்சி முடித்து, 1917 அக்டோபர் இறுதியில் பிரான்சில் இருந்த 56ஆம் படையணியில் சேர்ந்தார்.

வீழ்ச்சியும் மீட்சியும்

படையணியில் சேர்ந்து ஆறு வாரங்கள்கூட நிறையவில்லை. திசம்பர் 6ஆம் நாள் இந்திரலால் செலுத்திய வானூர்தி தரையில் மோதி நொறுங்கியது. அவர் கடுங்காயமுற்றார். இறந்துவிட்டார் எனக் கருதிப் பிணவறையில் கிடத்தினர் என்றும், நினைவு திரும்பிய அவர் கதவைத் தட்டியபோதே உண்மை தெரிந்தது என்றும் ஒரு செய்தி அவருடைய வரலாற்றோடு வழங்கி வருகிறது.

இம்முறை மருத்துவர்கள் அவரைப் பறப்பதற்குத் தகுதியற்றவர் என அறிவித்தனர். தரைப்பணியில் அமர்ந்து போர்க்காலத்தைக் கழித்திருந்தாலும் அவரைக் குறைகூறுவார் இல்லை. அவர் மனமோ வானிலேயே இருந்தது. உடல் தேறிய மாதங்களில் தாள்களை எடுத்து வானூர்திகளை வரையத் தொடங்கினார். பாயும் ஊர்திகள், சாயும் இறகுகள் எனப் பல ஓவியங்கள் அவர் கையில் உருவாயின. அவற்றுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. பறக்க இயலாத நாள்களிலும் அவருடைய கண்கள் வானூர்தியின் அசைவுகளைப் பயின்றுகொண்டே இருந்தன என்பதற்கு அவை சான்று.

1918ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், முப்பது வயதைக் கடந்து குறிப்பிட்ட சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்குப் பிரிட்டனில் வாக்குரிமை வழங்கப்பட்டது. தாயார் வீதியில் இறங்கிக் கேட்ட உரிமை ஓரளவேனும் கிட்டியது. மகனும் தம் கோரிக்கையை விடவில்லை. மீண்டும் மீண்டும் வேண்டி, பறப்பதற்குத் தகுதியுடையவர் என்னும் சான்றைப் பெற்றார். 1918ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் 40ஆம் படையணியில் சேர்ந்தார். அங்கு அவருக்குத் தலைவராக வாய்த்தவர், அயர்லாந்தைச் சேர்ந்த தேர்ந்த வானோடியான கேப்டன் ஜார்ஜ் மெக்எல்ராய்.

இரு வாரங்களின் வரலாறு

சூலை 6ஆம் நாள் இந்திரலால் பகைவரின் ஆனோவர் வகை வானூர்தி ஒன்றை வீழ்த்தினார். இருவர் அமரும் அவ்வானூர்தியின் வால், பின்னிருக்கைச் சுடுநர் தடையின்றிச் சுடும் வகையில் அமைக்கப்பட்டது. தொலைவிலிருந்து நோக்கினால் ஒருவர் அமரும் சிறு வானூர்தி போலத் தோன்றும். அவ்வாறு எண்ணிப் பின்புறமாக நெருங்கியவர்கள் அச்சுடுநரின் குண்டுக்கு இரையாயினர். எனவே, கண்டவுடன் இன்னது என வேறுபடுத்தி அறியும் கண் இன்றியமையாதது.

இரண்டு நாள்கள் கழித்து, சூலை 8இல், நான்கு மணி நேர இடைவெளிக்குள் மூன்று வானூர்திகளை வீழ்த்தினார். சூலை 13இல் இரண்டு. அவற்றுள் ஒன்று மெக்எல்ராயுடன் இணைந்து வீழ்த்தியது. சூலை 15இல் ஃபாக்கர் டி.7 வகைப் போர் வானூர்திகள் இரண்டு. அக்காலச் செருமானியப் போர் வானூர்திகளுள் தலைசிறந்ததாகக் கருதப்பட்டது அவ்வகையே. சூலை 18இல் ஒன்று; சூலை 19இல் மற்றொன்று. ஆக, இரு வாரங்களில் பத்து வெற்றிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அவர் வாழ்நாளில் பறந்த மொத்த நேரம் 170 மணிக்குச் சற்றே மிகுதி.

ஐந்து பகை வானூர்திகளை வீழ்த்தியவரை 'ஏஸ்' எனச் சிறப்பித்தல் அக்காலப் படை வழக்கு. முதல் உலகப் போரில் அப்பெருமையை எய்திய இந்தியர் இந்திரலால். ஆயினும் அப்பத்து என்னும் எண்ணுக்குப் பின்னால் மறுபக்கம் ஒன்று உண்டு. அவர் வீழ்த்திய வானூர்திகளிலும் இளைஞர்களே இருந்தனர். அவர்களுக்கும் அன்னையர் இருந்தனர். வீரத்தைப் போற்றுவோர் இவ்வுண்மையையும் நினைத்தல் வேண்டும்.

கார்வின் வானில்

1918ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள். வட பிரான்சில் உள்ள கார்வின் நகருக்கு மேலே, செருமானியரின் 29ஆம் போர் அணியைச் சேர்ந்த ஃபாக்கர் டி.7 வானூர்திகளோடு இந்திரலாலின் அணி மோதியது. அப்போரில் அவருடைய வானூர்தி சுடப்பட்டு வீழ்ந்தது. அவரும் உயிர் நீத்தார். அவர் வாழ்ந்தது 19 ஆண்டுகளும் 7 மாதங்களும் 20 நாள்களுமே.

ஒன்பது நாள்கள் சென்றபின், சூலை 31இல், அவருடைய தலைவர் மெக்எல்ராயும் போரில் மடிந்தார். நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. இந்திரலால் இறந்த நாளிலிருந்து எண்ணினால் 112ஆம் நாள் அது. இன்னும் நான்கு திங்கள் பிழைத்திருந்தால் அந்த இளைஞர் வீடு திரும்பியிருப்பார். அன்னையின் கைகளுக்கோ மகனுக்குரிய வீர விருதே வந்தது. செப்டம்பர் மாதத்தில் அவருடைய மறைவுக்குப்பின் அறிவிக்கப்பட்ட 'டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ்' என்னும் அவ்விருதை முதன்முதலாகப் பெற்ற இந்தியர் அவரே.

தெரிந்து தெளிவோம்

முதல் உலகப் போரின்போது பிரிட்டானிய வானூர்திப் படையில் வானோடிகளாகப் பணியாற்றிய இந்தியர் மிகச் சிலர். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 1918 சூன் இறுதியில் போர்க்காயத்தால் உயிர் துறந்தார். எரோல் சந்தர் சென் 1917இல் செருமானியரிடம் சிறைப்பட்டார். ஹர்தித்சிங் மாலிக் தலைப்பாகையின்மீது பெரிய தலைக்கவசம் அணிந்து பறந்தார். காலில் குண்டுகள் பாய்ந்த நிலையிலும் உயிர் பிழைத்த அவர், விடுதலை பெற்ற இந்தியாவின் தூதராகப் பிரான்சு நாட்டிலேயே பணியாற்றினார்.

யாருடைய போர்?

இந்திரலால் உயிர் கொடுத்த போர் இந்தியர் தாமே விரும்பித் தொடங்கிய போர் அன்று. போரில் துணைநின்றால் தன்னாட்சி நெருங்கி வரும் எனப் பலர் நம்பினர். போர் முடிந்து ஐந்து திங்கள் கழிந்த நிலையில், 1919 ஏப்ரல் 13ஆம் நாள், ஜாலியன்வாலாபாக்கில் படைக்கலம் அற்ற மக்கள்மீது அதே பேரரசின் படை சுட்டது. அந்நம்பிக்கை அன்று சிதறியது. அயலார் கொடியின்கீழ் நின்று இறந்தவரைப் போற்றலாமா என்னும் வினா அதன்பின் எழுதல் இயல்பே.

நடுகல் மரபு இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் உள்ள கற்களில் பல, எல்லைப்புறத்து ஆநிரைப் பூசல்களில் இறந்த எளிய வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. அப்பூசல்களை மூட்டியவர் எவர், அவற்றால் பயன் பெற்றவர் எவர் என்பன இன்று மறைந்துபோயின. வீழ்ந்தவனின் பெயர் மட்டும் நிற்கிறது. கல் எடுத்தவர்கள் போரைப் போற்றவில்லை. அஞ்சாது நின்ற மனிதனைப் போற்றினர். இந்திரலாலைப் போற்றுதலும் அத்தகையதே. நிறத்தாலும் நாட்டாலும் தாழ்வாக எண்ணப்பட்ட ஓர் இனத்தின் இளைஞர், உலகின் புத்தம் புதிய கருவியை எவருக்கும் குறையாத திறத்துடன் ஆளமுடியும் என மெய்ப்பித்தார். இந்தியரால் இயலாது என்னும் சொல்லுக்கு வானமே மறுமொழி தந்தது.

நிலைத்த பெயர்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இந்திய வான்படை தோன்றியது. 1954இல் அதன் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜி, இந்திரலாலின் உறவினர் ஆவார். கொல்கத்தாவின் பவானிபூர் பகுதியில் ஒரு சாலை இந்திரலாலின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, 1998 திசம்பரில் இந்திய அஞ்சல்துறை அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவருடைய உடல் வட பிரான்சின் எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வங்காளத்திலும் பிரெஞ்சு மொழியிலும் பொறிக்கப்பட்ட கல்லறை வாசகம், அங்கே ஒரு பெருவீரர் துயில்கிறார் என்பதைக் கூறி, காண்போரின் மதிப்பை வேண்டுகிறது. அவ்வூர் மக்களுள் அவ்வங்க எழுத்தைப் படிக்க வல்லார் அரியர். ஆயினும் மகனின் தாய்மொழி அவர் தலைமாட்டில் இருக்கவேண்டும் எனக் கருதியோரின் அன்பு அக்கல்லில் விளங்குகிறது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில் வீரனின் பெயரைப் பொறித்துவைத்த தருமபுரி மண்ணின் அன்பும் அதுவே.

இருமுறை வான்வாயில் அடைக்கப்பட்டும் இருமுறையும் அதனைத் தட்டித் திறந்தவர் இந்திரலால் ராய். போர் அவரை விழுங்கியது. அவருடைய விடாமுயற்சியை விழுங்க இயலவில்லை. இனியொரு இளைஞனின் திறமை போர்க்களத்தில் முடியாமல், ஆக்கப் பணிகளில் மலர்ந்து முதுமை காணும் உலகைச் சமைத்தலே அவருக்குச் செலுத்தும் மெய்யான வீரவணக்கம் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல் ஒன்றை நேரில் கண்டு, அதன் உருவ அமைப்பையும் ஊர்மக்கள் கூறும் செய்தியையும் எழுதி வருக.

2. தாயார் இலலிதா ராயின் உரிமை வேட்கையும் மகன் இந்திரலாலின் விடாமுயற்சியும் ஒத்து விளங்கும் இடங்களை எடுத்துக்காட்டுக.

3. 'வீரத்தைப் போற்றுதல் வேறு. போரைப் போற்றுதல் வேறு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.